வற்கடமும் உதவியும்: குன்றத்தூர்ச் சேக்கிழார் காட்டும் இடர்க்கால அறம்

1. முன்னுரை

சேக்கிழார் பெருமானைப் பற்றி வழங்கும் செவிவழிச் செய்தி ஒன்று உண்டு. உலகினும் பெரியது யாது, கடலினும் பெரியது யாது, மலையினும் பெரியது யாது எனச் சோழ மன்னன் மூன்று வினாக்களை விடுத்தான் என்றும், விடை காணாது தந்தையார் கலங்கி நின்றபோது இளைஞராகிய அருண்மொழித்தேவர் திருக்குறளிலிருந்தே மூன்றற்கும் விடை எடுத்துக் கொடுத்தார் என்றும் கூறுவர். உலகினும் பெரியது உற்ற காலத்தில் செய்த உதவி. கடலினும் பெரியது பயன் தூக்காது செய்த உதவி. மலையினும் பெரியது தன் நிலையில் திரியாது அடங்கியவனுடைய தோற்றம் என்பன அவ்விடைகளாம். இச்செய்தி வரலாற்றுச் சான்று உடையது எனத் துணிதற்கில்லை. ஆயினும், விடை மூன்றனுள் இரண்டு உதவியைப் பற்றியனவாக அமைந்திருத்தல் கருதத்தக்கது. சேக்கிழாரை அறிந்த மக்கள், அவரை உதவியின் அளவை அறிந்த அமைச்சராகவே நினைவில் வைத்தனர் என்பது இதனால் பெறப்படும்.

பெரியபுராணத்தைப் பத்தி நூலாகவும், காப்பியமாகவும், சோழர் கால வரலாற்றுக்குத் துணை நூலாகவும் ஆராய்ந்தோர் பலர். கல்வெட்டுக்களோடு அதனை ஒப்பு நோக்கி மா. இராசமாணிக்கனார் செய்த ஆராய்ச்சி யாவரும் அறிந்தது. ஆனால், அந்நூலில் வற்கடம் வந்த இடங்களை மட்டும் தொகுத்து, பொருள் எங்கிருந்து வந்தது, யார் வழியாகச் சென்றது, யாரைச் சென்று சேர்ந்தது, யாரைச் சேரவில்லை எனக் கேட்டு நோக்கின், அமைச்சர் ஒருவர் எழுதிய நூல் இது என்பது புதியதொரு வகையில் விளங்கும். அவ்வாறு நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து. நோக்கிய முடிபுகளைக் கல்வெட்டுச் செய்திகளோடும், 1876–78 பெரும் பஞ்சத்தோடும், சேக்கிழார் பிறந்த குன்றத்தூரே கண்ட அண்மை வெள்ளங்களோடும் இறுதியில் ஒப்பிடுவாம்.

2. புலவரும் அவர் நாடும்

சேக்கிழார், தொண்டை நாட்டுப் புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூரினர். அநபாயன் என்னும் சோழனுக்கு அமைச்சராய் இருந்து, உத்தமசோழப் பல்லவராயன் என்னும் பட்டம் பெற்றவர். அநபாயன் இரண்டாம் குலோத்துங்கனே (1133–1150) என்பது அறிஞர் பெரும்பான்மையோர் முடிபு. சோணாட்டுத் திருநாகேச்சுரத்தின்பால் கொண்ட அன்பினால் அப்பெயராலேயே தம் ஊரில் ஒரு கோயில் எடுப்பித்தார் என்பர்.

தொண்டை நாடு வற்றாத ஆற்றை உடைய நாடு அன்று. ஏரிகளை நம்பி வாழ்வது. மழை பொய்ப்பின் மணலைத் தோண்டி ஊற்று நீர் எடுத்தல் வேண்டும். மழை மிகின் ஏரி உடையும். இவ்விரண்டையும் சேக்கிழார் கண்டறிந்தவர். திருக்குறிப்புத் தொண்ட நாயனார் புராணத்தில் தொண்டை நாட்டைப் பாடுமிடத்து, பாலாற்றில் நீர் அற்ற காலத்தும் மக்கள் மணலைக் கையால் வருட, குழவிக்குத் தாய்முலை சுரப்பதுபோல அது சுரக்கும் என்பார். அப்புராணத்திலேயே கம்பையாற்றில் வெள்ளம் பெருகி வர, அம்மை இலிங்கத் திருமேனியைத் தழுவிக் காத்த செய்தியும், விடாது பெய்த மழையால் ஏழை அடியார் ஒருவருடைய கந்தையைத் தோய்த்து உலர்த்திக் கொடுக்க இயலாமல் திருக்குறிப்புத் தொண்டர் தம் தலையைக் கல்லில் மோதப் புகுந்த செய்தியும் வருகின்றன. வறட்சியும் வெள்ளமும் ஒரே புராணத்துள் அமைந்தமை, புலவர் பிறந்த நிலத்தின் இயல்பு என்று கொள்ளுதல் பொருந்தும்.

3. வீழிமிழலைப் படிக்காசு

வற்கடச் செய்திகளுள் முதற்கண் வைத்து எண்ணத்தக்கது திருவீழிமிழலைச் செய்தியாகும். திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் அடியார் கூட்டத்தோடு அங்கு உறைந்த காலத்தில் மழை மறுத்தது, காவிரி சுருங்கியது, உயிர்கள் வருந்தின. இறைவன் இருவருக்கும் கனவில் தோன்றி, நாள்தோறும் ஒவ்வொரு காசு தருவதாக அருளினான். கிழக்குப் பீடத்தில் சம்பந்தருக்கும் மேற்குப் பீடத்தில் அரசருக்கும் காசு வைக்கப்பட்டது. இருவர் திருமடங்களிலும் அடியார் எல்லாரும் வந்து உண்க எனப் பறை அறைவிக்கப்பட்டது. இருபொழுதும் உணவு அளிக்கப்பட்டது.

இதன் பின்னர் நிகழ்வதே நம் ஆய்வுக்கு உரியது. அரசர் மடத்தில் அடியார் காலத்தே உண்டனர். சம்பந்தர் மடத்தில் காலம் தாழ்த்து உண்டனர். காரணம் யாது எனப் பிள்ளையார் வினவ, அவருக்கு வரும் காசை மாற்றும்போது கடையில் வாசி கழிக்கின்றனர் என்றும், அரசர் பெறும் காசுக்கு அவ்வாறு கழிப்பதில்லை என்றும் மடத்தில் சமைப்போர் விடை கூறினர். வாசியாவது, நாணயத்தை மாற்றுவோர் அதன் குறையை நோக்கிப் பிடிக்கும் கழிவு. அரசர் உழவாரப் படை ஏந்திக் கைத்தொண்டு செய்தமையால் அவர்க்கு வாசியில்லாக் காசு கிடைத்தது என்பது ஆங்குக் கூறப்படும் காரணம். பிள்ளையார் பதிகம் பாடி, வாசியில்லாக் காசு பெற்றார்.

வாசி தீர வேண்டும் என்னும் கருத்து சம்பந்தர் பதிகத்திலேயே உள்ளது. ஆனால் உணவு காலம் தாழ்த்தது, சமைப்போர் கடைக்குச் சென்று கழிவு பட்டது, இரு மடங்களுக்கும் இடையே உண்டான வேற்றுமை ஆகிய இவை சேக்கிழார் விரித்துக் காட்டியவை. இவ்விரிவு வெறும் கதைச் சுவைக்காக அமைந்ததன்று. கொடுத்த கை இரண்டுக்கும் ஒரு காசே கொடுத்தது. ஆயினும் பெற்றவர் தட்டில் அது இரண்டாக வேறுபட்டது. அவ்வேறுபாடு காசின் எண்ணிக்கையில் தோன்றவில்லை. உணவு வரும் பொழுதில் தோன்றிற்று. பசித்தவன் உதவியை அளப்பது நாழியால் அன்று, காலத்தால் ஆகும். மேலே காட்டிய செவிவழிச் செய்தியின் முதல் விடையும் இதுவே என்பதை நினைவு கூர்க. அன்றியும், வேற்றுமையை முதலில் அறிந்து கூறுவோர் தலைவர் அல்லர்; அடுப்படியில் நிற்கும் ஏவலாளர். தலைவர் வினவினாலன்றி அது வெளிப்பட்டிராது. கணக்கு நேராயினும் வழங்கல் நேராகாது என்பதை அறிந்த ஓர் ஆட்சியாளரின் கண் இங்குப் புலப்படுகின்றது.

இதனோடு ஒத்து நோக்கத்தக்கது செருவிலிபுத்தூர்ப் புகழ்த்துணையார் வரலாறு. ஆதிசைவராகிய அவர், வற்கடத்தில் பசியால் மெலிந்தும் பூசையை விடாராய், திருமஞ்சனக் குடத்தைத் தாங்க மாட்டாது இறைவன் முடிமேல் தளர்ந்து வீழ்த்தினார். பஞ்சம் நீங்கும் வரை நாளும் ஒரு காசு வைப்பேம் என்பது அவருக்குக் கிடைத்த அருள். உதவிக்கு இங்கு ஓர் எல்லை வகுக்கப்படுகின்றது. அது கொடுப்போன் பொருள் தீரும் எல்லையன்று. பெறுவோன் இடர் தீரும் எல்லை.

4. குண்டையூர் நெல்லும் மணிபல்லவத்துப் பாத்திரமும்

குண்டையூர் கிழார், திருவாரூரில் பரவையார் மனைக்கு நெல்லும் பருப்பும் பிறவும் தவறாது அனுப்பி வந்த வேளாளர். மழையின்றி விளைவு குன்ற, அனுப்புதற்கு ஒன்றுமில்லையே என்று வருந்தி உண்ணாது துயின்றார். இறையருளால் ஊர் நிறைய நெல்மலை குவிந்தது. இவ்விடத்தில் கதை முடிந்திருக்கலாம். ஆனால் முடியவில்லை. நெல் குண்டையூரில் உள்ளது. பசி ஆரூரில் உள்ளது. கிழார் நம்பியாரூரரை எதிர்கொண்டு, இந்நெல்லை எடுத்துச் செல்லுதல் மக்கள் முயற்சியால் ஆவதன்று என்று கூறினார். நம்பி திருக்கோளிலிக்குச் சென்று, நெல்லைச் சுமப்பதற்கு ஆள் வேண்டிப் பதிகம் பாடினார். பூதங்கள் இரவிற்குள் ஆரூர் முழுதும் நெல்லைக் குவித்தன.

பொருள் கிடைத்ததற்கு ஓர் அற்புதம். அதனைக் கொண்டு சேர்த்ததற்கு மற்றோர் அற்புதம். இரண்டாவது இன்றி முதலாவது பயன்படவில்லை. இடர்க்கால உதவியில் பொருளைத் திரட்டுவதினும் கொண்டு சேர்த்தல் அரிது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நம் இலக்கியத்தில் காண்டல் அரிது. மறுநாள் காலையில் பரவையார் செய்தது இன்னும் கருதத்தக்கது. தெருவெல்லாம் நெல் குவிந்து கிடக்க, அவரவர் மனை எல்லைக்குட்பட்ட நெல்லை அவரவரே எடுத்துக்கொள்க என முரசு அறைவித்தார். இம்முரசும் மனை எல்லையும் நம்பியாரூரர் பதிகத்தில் இல்லாதன. கூட்டமும் நெருக்கமும் வலியவர் முந்துதலும் இன்றி, ஊர் முழுதும் ஒரே நேரத்தில் பெறுதற்கு இதனினும் எளிய முறை வேறில்லை.

பொருள் இருந்தும் சேராமைக்குச் சான்று மணிமேகலையில் உள்ளது. மதுரையில் சிந்தாதேவியிடம் அமுதசுரபியைப் பெற்ற ஆபுத்திரன், பாண்டி நாட்டில் வளம் மீண்டபின், உண்பார் இன்றி நின்றான். சாவக நாட்டில் மழையின்றி மக்கள் மடிகின்றனர் எனக் கப்பலோர் கூறக் கேட்டு மரக்கலம் ஏறினான். காற்றால் தடையுண்டு மணிபல்லவத்தில் தங்கிய கலம், அவன் கரையில் இறங்கியதை அறியாது சென்றுவிட்டது. எடுக்கக் குறையாத பாத்திரம் ஒருவன் கையில். உண்ணும் வாய்களோ கடலுக்கு அப்பால். அப்பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விடுத்து அவன் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தான். தன் பசிக்கு மட்டும் அதனைப் பயன்படுத்த அவன் உடன்படவில்லை. குண்டையூரும் மணிபல்லவமும் ஒரே வினாவிற்கு அமைந்த இரு விடைகள். ஓரிடத்தில் வழி கிடைத்தது. மற்றோரிடத்தில் வழி அற்றது. அதே பாத்திரம் பின்னர்க் காஞ்சியில் மணிமேகலை கையில் பயன்பட்டபோது, கண்ணிழந்தோரும் நடக்க மாட்டாதோரும் காப்பாரற்றோரும் வந்து உண்டனர் எனச் சாத்தனார் பாடுதல், உதவி யாரை முதலில் சேர வேண்டும் என்பதைக் காட்டும்.

தொலைவு என்பது காதக் கணக்கு மட்டும் அன்று என்பதும் ஈண்டு அறியத்தக்கது. வையை உடைந்தபோது கரை அடைக்க வீட்டுக்கு ஒரு பங்கு என மன்னன் அளந்து கொடுத்தான். வந்தி என்னும் முதியவளுக்கு அனுப்ப ஆள் இல்லை. அரண்மனை இருந்த மதுரையிலேயே அவள் வாழ்ந்தாள். ஆயினும் அரசின் கணக்கிலிருந்து அவள் இருந்த தொலைவு பெரிது. அத்தொலைவைக் கடந்து வந்தவன் கூலியாளாய் வந்த இறைவன் ஒருவனே என்பது திருவிளையாடற் கதை.

5. பூட்டிய கூடும் திறந்த பண்டாரமும்

கோட்புலி நாயனார் வரலாறு, கற்போர் நெஞ்சை நடுங்கச் செய்வது. நாட்டியத்தான்குடியினராகிய அவர், சோழன் படைத்தலைவர். தாம் பெற்ற பொருளையெல்லாம் கோயில் திருவமுதுக்கு நெல்லாகக் குவித்து வைத்தார். போர்க்குச் செல்லுமுன், இந்நெல்லை எடுத்தல் ஆகாது எனச் சுற்றத்தார்க்கு ஆணையிட்டுச் சென்றார். வற்கடம் வந்தது. உணவின்றி இறத்தலினும் இறைவன் நெல்லை எடுத்து உண்டு உயிர் வாழ்ந்து, பின்னர் அளந்து கொடுப்போம் என்று சுற்றத்தார் கருதி உண்டனர். மீண்டு வந்த நாயனார் அவர் அனைவரையும் வெட்டினார். உண்ணாத பச்சிளங் குழவி ஒன்று எஞ்சியது. ஏவலாளன் அதற்காக இரந்தான். அந்நெல்லை உண்டவளின் பாலைக் குடித்ததன்றோ என்று அதனையும் கொன்றார். இறைவன் தோன்றி, இறந்தோர்க்குத் தன் உலகம் அருளினான் எனப் புராணம் முடிகின்றது.

வன்தொண்டின் சிறப்பாகவே இதனை உரையாளர் கொள்வர். அது சமய நோக்கில் பொருந்துவது. வரலாற்று நோக்கில் வேறொன்று கருதற்பாலது. பின்னர் அளந்து கொடுப்போம் எனச் சுற்றத்தார் கூறிய சொல், கதைக்காகப் படைக்கப்பட்ட வெற்றுச் சொல் அன்று. சோழ நாட்டில் வழக்கிலிருந்த ஒரு முறையின் எதிரொலி. தஞ்சைப் பகுதியிலுள்ள ஆலங்குடிக் கல்வெட்டு ஒன்று, 11ஆம் நூற்றாண்டில் காலம் பொல்லாதாகி, உணவுக்கும் வித்துக்கும் வழியற்ற ஊர்ச்சபையார், கோயிலின் பொன் அணிகளையும் வெள்ளிக் கலங்களையும் கடனாகப் பெற்றுப் பிழைத்ததைத் தெரிவிக்கின்றது. கோட்புலியார் சுற்றத்தார் நெஞ்சில் எண்ணியதை ஆலங்குடிச் சபையார் கல்லில் எழுதினர். வேறுபாடு, கேட்டுப் பெற்றமையும் கேளாது எடுத்தமையும் ஆம். ஆனால் கேட்பதற்கு ஒரு சபையும், கொடுப்பதற்கு உரிமையுடைய பண்டாரமும் இருந்த ஊரிலேயே அவ்வாறு கேட்க இயலும். தலைவன் போர்க்களத்தில் இருக்க, திறவுகோல் அவன் ஆணையில் இருக்க, பசித்தோர் எவரிடம் கேட்பர்? சேக்கிழார் அதனை வினாவாக எழுப்பவில்லை. ஆயினும் சுற்றத்தாரின் எண்ணத்தை மறையாது கூறினார். குழவிக்காக ஏவலாளன் இரந்ததையும் விடாது கூறினார். விட்டிருப்பின் கதைக்குக் குறைவில்லை. விடாமை புலவரின் நேர்மை.

பண்டாரம் திறந்த இடத்திலும் உதவி எல்லாம் அறமாகிவிடவில்லை. சேக்கிழாருக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு பின்னர், 1201ஆம் ஆண்டில், காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற கொடுங்காலத்தில், வேளாளர் ஒருவர் தம் மகளிர் இருவரோடு திருப்பாம்புரம் கோயிலுக்கு 110 காசுக்குத் தம்மை விற்றுக்கொண்டார் என்பது கல்வெட்டுச் செய்தி. உயிர் காக்கப்பட்டது, உரிமை போயிற்று. வீழிமிழலையில் காசு கொடையாயிற்று, ஆலங்குடியில் கடனாயிற்று, திருப்பாம்புரத்தில் விலையாயிற்று. கொடுத்தது மூன்றிடத்தும் கோயிலே. எனவே, உதவியின் தன்மையை அறிய, கொடுத்தவர் யார் என்று கேட்டல் போதாது; பெற்றவர் பின்னர் எந்நிலையில் வாழ்ந்தார் என்று கேட்டல் வேண்டும்.

6. தாது ஆண்டுப் பஞ்சம்

இம்மரபோடு ஒப்பிட்டுக் காணத்தக்கது, தாது ஆண்டுப் பஞ்சம் என மக்கள் வழங்கும் 1876–78 பெரும் பஞ்சம். அப்போது சென்னை மாகாணத்தில் பக்கிங்காம் பிரபு ஆளுநர். இந்திய அரசப் பிரதிநிதி லிட்டன் பிரபு. சென்னைத் துறைமுகத்தில் தானியம் வந்து குவிந்தது. உள்நாட்டிற்குக் கொண்டு செல்லப் புகைவண்டிகள் போதவில்லை. வண்டி இழுக்கும் மாடுகளோ தீனியின்றி மடிந்தன. குண்டையூரின் இடர் மீண்டும் தோன்றிற்று, பூதங்கள் வரவில்லை.

1877 தொடக்கத்தில் பஞ்ச நிலை காண அனுப்பப்பட்ட ரிச்சர்டு டெம்பிள், செலவைச் சுருக்கும் நோக்கில் ஆடவர் நாட்கூலியை ஓர் இராத்தல் தானியமும் ஓர் அணாவும் என்னும் அளவிற்குக் குறைத்தார். கடும் உழைப்பிற்கு அது போதாது எனச் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் மருத்துவர் கார்னிஷ் வன்மையாக மறுத்தார். இதனினும் கொடியது தொலைவுச் சோதனை என்னும் முறையாகும். வலியுடையோர்க்குத் தம் வாழிடத்திற்குப் பத்து மைல் சுற்றளவிற்குள் நிவாரண வேலை மறுக்கப்பட்டது. உண்மையிலேயே பசித்தவன் அவ்வளவு தொலைவு நடந்து வருவான். பசியாதவன் வாரான் என்பது அதன் கருத்து. நம் நூல்களில் உதவி பசித்தோரை நாடிச் சென்றது. இங்கோ பசித்தோர் உதவியை நாடி நடந்தனர். தொலைவு தீர்க்க வேண்டிய இடராக அன்றித் தகுதியை அளக்கும் கோலாகக் கொள்ளப்பட்டது. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி 1877–78இல் பஞ்சத் தொழிலாளரால் வெட்டப்பட்டதே. அக்கால்வாயைக் கடந்து செல்வோர், அதனை வெட்டிய கைகள் எவ்வளவு தொலைவு நடந்து வந்தவை என்பதை எண்ணுவதில்லை.

தமிழ் மரபு அக்காலத்தும் அறவே அற்றுவிடவில்லை. மாயூரம் வேதநாயகம் பிள்ளை தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித் தொட்டிகள் அமைத்துப் பசித்தோர்க்கு ஊட்டினார்; அவர் ஈகையைக் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனை பாடிப் போற்றினார். அதற்கு முன்னரே, 1867 மே 23இல், வடலூரில் இராமலிங்க அடிகள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியிருந்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாது எரிகின்றது. வற்கடம் வந்தபின் அடுப்பு மூட்டுதல் ஒரு முறை. வருமுன்னே மூட்டி அணையாது வைத்தல் மற்றொரு முறை. பின்னதே சிறந்தது என்பது வெளிப்படை. பஞ்சத்தின்பின் அமைந்த ஆணைக்குழு 1880இல் அறிக்கை தர, 1883இல் பஞ்ச விதித்தொகுதி உருவாயிற்று. அரசும் அப்பாடத்தை, இலட்சக்கணக்கான உயிர்கள் மாய்ந்த பின்னர், எழுத்தில் ஏற்றுக்கொண்டது.

7. குன்றத்தூர் கண்ட வெள்ளம்

சேக்கிழார் பிறந்த ஊர் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்து ஒரு வட்டத்தின் தலைமையிடம். திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆகியவற்றின் தொழிற்சாலைகளுக்கு அணித்தாக இருப்பதால், ஒடிசா, பீகார், வங்காளம், அசாம் முதலிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர் பலர் இப்பகுதிகளில் வாடகை அறைகளில் வாழ்கின்றனர். ஊரையொட்டிய செம்பரம்பாக்கம் ஏரி 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடையது. அதன் உபரிநீர் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதலம்பேடு ஆகிய ஊர்களைச் சார்ந்து சென்று திருநீர்மலை அருகே அடையாற்றில் கலக்கும்.

2015 டிசம்பர் 1ஆம் நாள் தொடங்கி மறுநாள் காலை வரையான ஒரே நாளளவில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவாயிற்று. ஏரியிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. ஏரி திறந்த காலமும் அளவும் பற்றி எழுந்த வழக்கு இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. நம் நோக்கிற்குரியது, பெருநகரத்தின் விளிம்பிலேயே இருந்த ஊர்கள் ஓரிரவில் தீவுகளானமையாம். சென்னை வானூர்தி நிலையம் நாட்கணக்கில் மூடப்பட்டது. அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து வானூர்திகள் இயங்கின. சேய்மை என்பது மலையுச்சிக்கும் நடுக்கடற் றீவிற்கும் மட்டும் உரியதன்று. வெள்ளம் சூழ்ந்த ஒவ்வொரு தெருவும் சேய்மையே என்பதைத் தொண்டை நாடு அன்று கற்றது.

2023 டிசம்பரில் மிக்சாம் புயல் மழையின்பின், தமிழக அரசு பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 6,000 ரூபாய் வழங்கியது. குன்றத்தூர் வட்டமும் அப்பகுதிகளுள் அடங்கும். நியாய விலைக் கடைகளில், குடும்ப அட்டையைக் கொண்டு, நாளும் நேரமும் குறித்த சீட்டு முன்னரே அளித்து, ரொக்கமாகக் கொடுத்தனர். தம் தம் கடையில் தம் தம் நேரத்தில் பெறுதல் பரவையார் முரசின் வழியது எனலாம். ஆனால் அட்டை இல்லாதவர்? அவர் விண்ணப்பிக்கலாம் என அரசு அறிவித்தது. இலட்சக்கணக்கில் விண்ணப்பங்கள் வந்தன. அட்டை உடையவன் கையில் காசு உடனே சோறாயிற்று. அட்டை சொந்த ஊரில் இருக்க, வாடகை அறையில் நீர் புகுந்தவன் கையில் அது முதலில் விண்ணப்பமாயிற்று. இதுவே வாசி. காசில் வேறுபாடு இல்லை. காலத்தில் வேறுபாடு உண்டு. வீழிமிழலையில் பிள்ளையார் கேட்ட வினாவைக் குன்றத்தூரிலும் ஒருவர் கேட்டாக வேண்டும்.

அதே திங்கள் 17, 18ஆம் நாட்களில் தென் மாவட்டங்களில் பெருமழை பெய்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு வண்டி, ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. தண்டவாளத்தின் அடிமண் அரித்துச் செல்லப்பட்டது, சாலைகள் மூழ்கின. மீட்புப் படையும் வானூர்தியும் வந்து சேரும் வரை அவர்கட்குச் சோறிட்டவர், அருகிலிருந்த புதுக்குடி மக்கள். அவர்தம் ஊரும் மழையில் நனைந்ததே. அவர்தம் அரிசியும் அளவுடையதே. அவர்களுக்கு அற்புதம் எதுவும் நிகழவில்லை. அருகில் இருந்தார்கள், அடுப்பு மூட்டினார்கள். சேய்மையில் உள்ளோர்க்கு முதலில் சென்று சேரும் உதவி, அச்சேய்மையிலேயே வாழ்வோர் செய்யும் உதவி என்பது இதனால் அறியப்படும். அவர்கள் கையில் முன்னரே நெல் இருக்கச் செய்தலே அரசின் முதற் கடமை.

8. மறுப்பும் விடையும்

அருளிச்செயல்களைப் பஞ்ச நிவாரணக் குறிப்புக்களாகப் படித்தல் பொருந்துமோ என ஒரு தடை எழலாம். தடை நேரியதே. சேக்கிழார் பாடியது தொண்டர் பெருமையை. ஆட்சி முறையை அன்று. வீழிமிழலையில் அழைக்கப்பட்டோர் அடியார். ஊரார் அனைவரும் அல்லர். இவ்வெல்லையை மறந்து, இன்றைய பொதுநலக் கருத்தை அந்நூலின்மேல் ஏற்றிக் கூறுதல் ஆய்வாகாது. ஆயினும், பொருள் வந்த வழியே அந்நூலில் பெரிதும் அற்புதம். வந்தபின் கடையில் மாற்றுதல், காலத்தே சமைத்தல், பறை அறைதல், எல்லை வகுத்தல் ஆகிய அனைத்தும் மக்கள் செயல். அச்செயல்களைப் புலவர் எங்கிருந்து அறிந்தார்? தம் காலத்து ஊர்களிலும் கோயிற் பண்டாரங்களிலும் அமைச்சர் என்ற முறையில் கண்டறிந்திருத்தல் வேண்டும் என்பதே பொருந்தும் விடை. அவ்வளவே இக்கட்டுரை கொள்வது.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு: உதவி காலத்தே சேர்தல் வேண்டும், காலம் தாழ்த்தல் அளவு குறைத்தலோடு ஒக்கும். பொருளைத் திரட்டுதலினும் கொண்டு சேர்த்தல் அரிது. பெறுவோரிடையே வாசி உண்டாகாமை வேண்டும். அதனை அறிதற்கு அடுப்படியில் நிற்போரைக் கேட்டல் வேண்டும். உதவி இடர் தீரும் வரை நிற்றல் வேண்டும். இடர் தீர்ந்தபின் பெற்றவரைக் கட்டிவைத்தல் ஆகாது. தொலைவு, தீர்க்க வேண்டிய குறை; தகுதியை அளக்கும் கோல் அன்று.

பட்டமேற்படிப்பு மாணவர் ஆராய்தற்கு இத்துறையில் இடம் மிக உண்டு. இறையனார் களவியலுரை கூறும் பன்னீராண்டு வற்கடத்தில் பாண்டியன் புலவரைப் புரக்க மாட்டாது அனுப்பினான் என்றும், நாடு மீண்டபின் பொருளதிகாரம் வல்லாரைக் காணவில்லை என்றும் வரும் செய்தி, வற்கடத்தில் அழிவது உயிரும் பயிரும் மட்டும் அல்ல என்பதைக் காட்டும். கல்வெட்டுக்களில் வரும் பஞ்சச் செய்திகளை ஊர்வாரியாகத் தொகுத்தலும், தாது ஆண்டுப் பஞ்சத்தைப் பற்றிய கும்மிகளையும் சிந்துகளையும் ஒப்பு நோக்குதலும், 2015 முதலாக வெள்ளம் கண்ட ஊர்களில் முதியோர் வாய்மொழிகளை எழுதி வைத்தலும் இன்றே செய்யத்தக்க பணிகள். குன்றத்தூர்த் திருநாகேச்சுரத்தில் சேக்கிழாருக்கு ஆண்டுதோறும் விழா எடுக்கின்றோம். உபரிநீர்க் கால்வாயின் கரையில், குடும்ப அட்டை இல்லாத ஓர் அறையில், அடுத்த மழைக்கு அஞ்சி இருப்போனையும் கணக்கில் சேர்த்தல் அவ்விழாவின் பகுதியாகும் நாளே, உலகினும் பெரியது யாது என்ற வினாவிற்கு அவ்வூர் மீண்டும் விடை கூறிய நாளாகும்.